வயதான குடலுக்கு ஒரு டானிக்

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளுக்குப் பை தூக்கும் பக்கத்துத் தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். எனக்கு வலது தோள். எண்பதுகளின் பின்பாதியில் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மொபெட்டில் சுற்றியதில் இறங்கியது, இன்னும் ஏறவில்லை. இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போலவே கழுத்தில் டை கட்டிக்கொண்டு டாக்டர் வாசலில் வெயிலில் நின்றவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை.

எங்களுடையது சின்னக் கம்பெனி. இருமலுக்கு ஒரு சிரப், ரத்தசோகைக்கு ஒரு மாத்திரை எல்லாம் இருந்தன. ஆனால் மாத டார்கெட்டைத் தூக்கி நிறுத்த வேண்டியது ஒரே சரக்குதான்: அமினோ அமில டானிக். ஆரஞ்சு வாசனை அடிக்கும். பருப்பு, முட்டை, மீன் என்று நாம் சாப்பிடுவதில் இருக்கும் புரதத்தை வயிறும் குடலும் பொடிப்பொடியாக வெட்டினால் கிடைப்பதுதான் அமினோ அமிலம். சிறுகுடலின் உட்சுவரில் குட்டிக் குட்டி விரல்கள் மாதிரி குடலுறிஞ்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் இந்தப் பொடிகளை இழுத்து ரத்தத்தில் சேர்க்கின்றன. வயதாக ஆக அந்த விரல்கள் தேய்ந்துவிடும், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, ஆகவே நாங்களே வெட்டி வைத்திருக்கும் டானிக்கைக் குடியுங்கள் என்பது எங்கள் பிரசங்கம். டாக்டரிடம் விரித்துக் காட்ட ஒரு மடிப்பு அட்டை கொடுத்திருந்தார்கள். அதில் மூன்றாம் பக்கத்தில் இரண்டு குடல் படங்கள் இருக்கும். இடது பக்கம் வாலிபக் குடல், நாற்று நட்ட வயல் மாதிரி. வலது பக்கம் வயதான குடல், அறுப்பு முடிந்த வயல் மாதிரி. நடுவில், வயது ஏற ஏற உறிஞ்சுவது குறைகிறது என்று காட்ட, மேலிருந்து கீழே சரியும் ஒரு கோடு. அந்தப் பக்கத்தை நான் மனப்பூர்வமாக நம்பினேன்.

மனப்பாடம்

எங்கள் ஏரியா மானேஜர் கோதண்டம் சார். ஐம்பதைத் தாண்டியவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். வேப்பம்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வந்து அம்பத்தூரில் இறங்குவார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்து அந்தப் பிரசங்கத்தை இங்கிலீஷில் உருப்போட வைத்தார். எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே பேனா முனையைப் படத்தின்மேல் வைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. மூன்றாம் பக்கம் வந்ததும் இரண்டு விநாடி வாயைத் திறக்கக் கூடாது. அந்த இரண்டு விநாடியில் டாக்டர் தன்னுடைய அப்பாவை நினைத்துக்கொள்வாராம்.

நான் தனியாகப் பார்த்த முதல் டாக்டர் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர். உள்ளே கூப்பிட்டதும் உட்காராமலே ஆரம்பித்தேன். ஒரு வார்த்தை தட்டவில்லை. இரண்டு விநாடி மௌனமும் கச்சிதமாக விழுந்தது. அவர் என் முகத்தையே பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு டாக்டர் கிடைத்தாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடித்து நன்றி சொன்னதும் அவர் நிதானமாகக் காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இப்ப சொல்லுங்க தம்பி, என்ன விஷயம்?"

அஞ்சு பேருக்கு ஒருத்தர்

ஆவடியில் ஒரு பெண் டாக்டர். பெயர் மங்கையர்க்கரசி, ஊருக்கு மங்கை டாக்டர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருந்தால் அதிகம். அவர் கிளினிக்கில் ஐந்து நோயாளி போன பிறகு ஒரு ரெப், அதாவது என்னைப் போன்ற பிரதிநிதி, போகலாம் என்பது சட்டம். வெளி பெஞ்சில் உட்கார்ந்தால் தமிழ்நாட்டையே சுற்றி வந்த மாதிரி இருக்கும். ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளின் குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் வரும். ஒரு பக்கம் கோயம்புத்தூர் "ஏனுங்க", இன்னொரு பக்கம் நாகர்கோவில் "என்னவே". டை கட்டியிருப்பதால் என்னைப் பாதி டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டிக் காட்டியவர்களும் உண்டு.

ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். என் மடியிலிருந்த அட்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இரண்டு படத்தில் தன்னுடையது எது என்று கேட்டார். நான் தயக்கத்தோடு வலது பக்கத்தைக் காட்டினேன். அவருக்குக் கோபமெல்லாம் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாழ்நாள் பூரா மெஷினோட இருந்தவன் நான். தேய்மானம்னா கழட்டிப் பாத்துதான் சொல்லணும். இது யாரோட குடல், எப்பக் கழட்டினீங்க?"

பொடி எழுத்து

அந்தக் கேள்விக்கு அரை மணி நேரத்தில் பதில் கிடைத்துவிட்டது. மங்கை டாக்டர் மற்ற டாக்டர்கள் மாதிரி கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், அட்டையை வாங்கிப் படிப்பார். அன்றைக்கு மூன்றாம் பக்கத்தின் அடியில், எறும்பு வரிசை மாதிரி இருந்த எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பிறகு அட்டையை என் பக்கம் திருப்பி, அந்த வரியின்மேல் விரலை வைத்தார். அந்தக் கோடு வயதான எலிகளிடம் எடுத்தது என்று போட்டிருந்தது. இத்தனை நாள் அந்த அட்டையோடு குடித்தனம் நடத்தியும் நான் அதைப் படித்ததில்லை.

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. எனக்காக ஐந்து நிமிஷம் ஒதுக்கி விளக்கினார். எலிகளிலேயே சில ஆராய்ச்சியில் குறைகிறது, சில ஆராய்ச்சியில் குறையவில்லை. மனிதக் குடல் நீளமானது, தேவைக்கு மேலே இடம் வைத்திருக்கிறது. ஆரோக்கியமான கிழவர் ஒரு முட்டை சாப்பிட்டால் அது அநேகமாக முழுசாக உள்ளே போய்விடும். வயதானவர்கள் மெலிவதற்கு வேறு காரணங்கள் இருக்கும்: பசி குறையும், ருசி தெரியாது, பல் இருக்காது, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் இருக்காது. நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டார்கெட் ஞாபகம் வந்து, கொஞ்சமாவது எழுதுங்கள் மேடம் என்று கெஞ்சினேன். சீட்டை இழுத்து வைத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்: "கண்டிப்பா எழுதறேன் சேகர், எலி யாராவது வந்தா."

ஏனைய

முகப்பேர் ஃபிளாட்டுகளுக்கு நடுவே ஒரு மருந்துக் கடையில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் எங்கள் டானிக் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அமினோ அமிலத்தை எதிலிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டார். சைவக் குடும்பம். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எங்களுக்குப் பயிற்சி இல்லையென்றாலும் அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போட்டேன். பதில் வருவதற்குள் மழைக்காலம் தொடங்கி முடிந்துவிட்டது. தாவர மற்றும் ஏனைய தரமான மூலங்களிலிருந்து என்று தமிழிலேயே டைப் செய்து அனுப்பியிருந்தார்கள். அதைப் பெருமையாக அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சிவப்புப் பேனா இல்லாத குறைதான், எழுத்தெழுத்தாகப் படித்தார். கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு கடிதம் போடுங்க தம்பி. அந்த 'ஏனைய'வுக்கு எத்தனை காலுன்னு கேளுங்க."

ஒரே கஸ்டமர்

பூந்தமல்லியில் பாபுவின் மெடிக்கல் ஷாப் இருந்தது. பாபு என் வயதுக்காரன், வாய் மட்டும் ரொம்பப் பெரியது. அவன் கடையில் எங்கள் டானிக் தூசி படிந்து கிடக்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு பாட்டில் மட்டும் தவறாமல் போகும். திருமழிசையிலிருந்து முனுசாமி என்று ஒரு பெரியவர் பஸ்ஸில் வந்து வாங்கிப் போவார். என் மொத்த ஏரியாவில் டாக்டர் வற்புறுத்தாமல் தானாக வாங்கும் ஒரே ஆள். ஒரு நாள் அவரைப் பிடித்து மொபெட்டில் உட்கார வைத்து வீட்டிலேயே கொண்டுபோய் விட்டேன். அவர் உடம்பு எப்படித் தேறியது என்று கேட்டு, அதை நாலு டாக்டரிடம் சொல்லலாம் என்று எண்ணம்.

வீட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். மகனும் மருமகளும் என்னையும் உட்கார வைத்தார்கள். மொச்சைக்கொட்டைக் குழம்பு, வறுத்த மீன். எல்லோரும் சாப்பிட, முனுசாமி மட்டும் ரசத்தில் சோற்றைக் கரைத்து அப்படியே குடித்தார். உடம்பு தேறவும் இல்லை, கையெல்லாம் எலும்பாக இருந்தது. ஏன் மீன் எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். வாயைத் திறந்து காட்டினார். முன்னால் இரண்டு, ஓரத்தில் ஒன்று. "மெல்ல முடியல நைனா. அதான் உன் ஆரஞ்சுத் தண்ணியக் குடிச்சிகினு கீறேன்" என்றார். அவர் குடல் நன்றாகத்தான் இருந்திருக்கும். அதற்கு வேலை கொடுக்கத்தான் எதுவும் போய்ச் சேரவில்லை.

எனக்கு ஒரு வாரம் மனசு சரியில்லை. மங்கை டாக்டரிடம் சொன்னதற்கு, முதலில் பல்லைக் கட்டச் சொல்லுங்கள் என்றார். அடுத்த தடவை போனபோது மகனிடம் விஷயத்தைச் சொல்லி, தெரிந்த பல் டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போகவும் ஏற்பாடு செய்தேன். இரண்டு மூன்று மாதத்தில் பல் செட் வந்தது. பெரியவர் ஒரு நாள் பாபு கடை வழியாகப் போகும்போது உள்ளே வந்து, இரண்டு பக்கமும் சிரித்துக் காட்டி, ஆட்டுக்கால் சாப்பிட்டதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிவிட்டு, டானிக் வாங்காமலே போய்விட்டார். பாபு தூசித் துணியை எடுத்துப் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நல்லா கீது அண்ணாத்தே உன் யாபாரம். இருந்தது ஒரே கஸ்டமரு, அவருக்கும் பல்லக் கட்டி அனுப்பிச்சிட்ட."

பெல்ட்டில் புது ஓட்டை

கோதண்டம் சார் மாதத்தில் நாலு நாள் என்னோடு டாக்டர்களைப் பார்க்க வருவார், ஜாயின்ட் ஒர்க் என்று அதற்குப் பெயர். தொண்ணூறுகள் தொடங்கிய சமயம். அவர் மனைவி காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு தடவை வரும்போதும் அவர் பெல்ட்டில் ஆணியால் போட்ட புது ஓட்டை ஒன்று இருக்கும். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. துக்கம்தான் ஆளை உருக்குகிறது என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். துக்கத்தைப் பற்றி மானேஜரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் யாரும் பேசவும் இல்லை.

நம் தொழிலில் டாக்டர் பட்டியலைவிட முக்கியமான பட்டியல் ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியும். எந்தத் தெருவில் எந்தப் பெட்ரோல் பங்க்கில், எந்த சினிமா தியேட்டரில், எந்த ஓட்டலில் கழிப்பறையை உபயோகிக்க விடுவார்கள் என்பது. அந்தப் பட்டியலை சார் என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். இரண்டு டாக்டருக்கு ஒரு தடவை காணாமல் போவார். ரயிலில் வரும்போது நடுவில் ஏதாவது ஸ்டேஷனில் இறங்கி அடுத்த வண்டியில் வருவார். பையில் எங்கள் டானிக்கின் சாம்பிள் பாட்டில்கள் இருக்கும். ஓரமாகத் திரும்பி நின்று, மூடியில் ஊற்றக்கூட இல்லாமல், பாட்டிலோடு குடிப்பார். ஒரு நாள் நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மூடியை இறுக்கிப் பைக்குள் வைத்துவிட்டு, பிளாட்பாரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "மூணாம் பக்கம் எனக்கே வந்துடுச்சு சேகர். வயசு யாரை விட்டுது."

ஜாயின்ட் ஒர்க்

அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பக்கம் எலிகளைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்லவில்லை. மானேஜரிடம் போய் உங்கள் பிரசங்கம் தப்பு என்று சொல்கிற ரெப் எந்த ஊரில் இருக்கிறான்? என்னைப் பற்றி மேலே ரிப்போர்ட் எழுதுகிறவர் அவர். ஆனால் அந்த மாதம் பிளாட்பாரம் படி ஏற அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் எடையே இல்லை. அன்றைக்கே முடிவு செய்தேன்.

மங்கை டாக்டர் கிளினிக்கில் ரெப் வரிசையில் உட்காராமல், கம்பவுண்டரிடம் சொல்லி சார் பெயருக்கு நோயாளி டோக்கன் போட்டேன். அவருக்கு இது தெரியாது. உள்ளே போனதும் வழக்கம்போல அட்டையை விரித்துப் பிரசங்கத்தைத் தொடங்கினார். குரல் பழைய குரலாக இல்லை. டாக்டர் அட்டையைப் பார்க்கவே இல்லை, அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது சார் என்றார். சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ஏழு எட்டு தடவை, எட்டு மாதமாக என்றார்.

நாக்கை நீட்டச் சொன்னார். தக்காளித் தோல் மாதிரி சிவந்து வழவழவென்று இருந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. கணுக்காலை விரலால் அழுத்தினார், குழி விழுந்தது விழுந்தபடியே நின்றது. வயசாகிவிட்டது மேடம், குடல் எடுத்துக்கொள்வதில்லை என்று சார் தன் மருந்துக்கே சிபாரிசு பேசினார். டாக்டர் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே பதில் சொன்னார்: "வயசுக்கு இவ்வளவு வேகம் கிடையாது சார். இது வியாதி. வியாதின்னா வைத்தியம் இருக்கும், அதுக்குச் சந்தோஷப்படுங்க."

அவர் சந்தோஷப்படவில்லை. ஆவடி ஸ்டேஷனில் என் தோளைப் பிடிக்காமல் தனியாகவே படி ஏறினார். வண்டி கிளம்பும்போதும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என் வேலை போய்விட்டது என்றுதான் வீட்டுக்குப் போனேன்.

விழுங்கிய குளிகை

நாலாம் நாள் சார் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டு உட்காரச் சொன்னார். ஏதோ ஒரு சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்து, ஐந்து மணி நேரம் சிறுநீரைப் பிடித்து, எவ்வளவு உள்ளே போயிற்று என்று பார்த்திருக்கிறார்கள். அதன் பிறகு மெல்லிய குழாயின் முனையில் கோத்த உலோகக் குளிகை ஒன்றை விழுங்கச் சொல்லி, அது சிறுகுடலுக்குள் போனதும் அங்கிருந்து ஒரு பொட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் குளிகை கொடுத்துத் திரிந்தவன் வாயில் கடைசியில் இரும்பையே போட்டுவிட்டார்கள் என்றார்.

குடலுறிஞ்சிகள் உண்மையிலேயே மழுங்கியிருந்தன. ஸ்ப்ரூ என்று வியாதிக்குப் பெயர். நம் பக்கம் பல பேருக்கு வருவதுதான், வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பின்னால் மங்கை டாக்டர் எனக்கு விளக்கினார். டானிக்கை நிறுத்திவிட்டு ஒரு கிருமிக்கொல்லி மாத்திரை, ஃபோலிக் அமிலம், பி12 ஊசி. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், ஆனால் அவ்வளவுதான். இரண்டாம் ஞாயிறு நான் போனபோது அவர் தட்டில் இட்லி மிச்சமில்லை, என் கையிலிருந்த வாழைப்பழத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் பஸ் கண்டக்டர் ஒருவர் அதே வியாதிக்குப் படுத்திருந்தார். சார் அவரைக் கண்ணால் காட்டி, அவருக்குக் கேட்காதபடி சொன்னார்: "அவருக்கு இருபத்தாறு வயசு. எனக்கும் அவருக்கும் ஒரே குடல். இத்தனை வருஷமா நான் தப்பான ஆளுங்களைப் பயமுறுத்தியிருக்கேன்பா."

பூச்செடி

அவர் திரும்பி வந்த பிறகு நடந்த முதல் மீட்டிங்கில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பிரசங்கம் சொல்லிக் கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியும் வந்து உட்கார்ந்திருந்தார். மூன்றாம் பக்கம் வந்தது. சார் நிறுத்தினார், இரண்டு விநாடியைத் தாண்டியும் பேசவில்லை. பிறகு தமிழில், இந்தப் பக்கத்தைக் காட்டாதீர்கள் என்றார். வயதானவர் மெலிந்துகொண்டே போனால், வயிறு நிற்காமல் போனால், டானிக் கொடுத்து மூடி வைக்காமல் என்ன வியாதி என்று பார்க்கச் சொல்லுங்கள், நான் எட்டு மாதம் மூடி வைத்துக்கொண்டு பிழைத்தவன் என்றார்.

விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வந்தது. ரிட்டையராக ஒன்றரை வருஷம்தான் இருந்தது, பிரமோஷன் ஏதாவது மிச்சமிருந்தால் அது போயிற்று. ஆஸ்பத்திரிக் காகிதங்களின் நகலை இணைத்து அனுப்பிவிட்டு அவர் பாட்டுக்கு வேலைக்கு வந்தார். அடுத்த வருஷம் புது அட்டை வந்தபோது மூன்றாம் பக்கத்தில் குடல் இல்லை, கோடு இல்லை. வயதான தம்பதி ஒரு ரோஜாத் தோட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தாம்பரம் பக்கம் வேலை பார்த்த என் சகா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "விவரமாத்தான் மாத்தியிருக்காங்க. பூச்செடியைக் காட்டினா எந்த டாக்டரும் குறுக்குக் கேள்வி கேக்க முடியாது."

வேப்பம்பட்டுச் சாப்பாடு

ரிட்டையரான பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் கோதண்டம் சார் என்னையும் மங்கை டாக்டரையும் வேப்பம்பட்டு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். உடம்பு பழையபடி ஆகியிருந்தது, குரலும் வந்துவிட்டது. சமையல் அவரே. சங்கரா மீன் குழம்பு, முட்டைப் பொரியல், பருப்பு. தனியாகச் சாப்பிட்டால் இறங்காது என்று பக்கத்து வீட்டுக்காரரையும் தினம் ஒரு வேளை கூட உட்கார வைத்துக்கொள்வாராம். இதையும் டாக்டர்தான் சொல்லியிருந்தார். மருந்துச் சீட்டிலேயே எழுதியிருந்தார் என்று சார் எடுத்துக் காட்டினார்.

சாப்பிட்டு முடித்து மோர் குடிக்கும்போது சார் டாக்டரைக் கேட்டார், வயசான குடல் எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொள்கிறது என்றால் வயசானவன் தசை மட்டும் ஏன் கரைகிறது என்று. எனக்கும் அது ரொம்ப நாளாக இருந்த சந்தேகம். டாக்டர் சமீபத்தில் படித்ததைச் சொன்னார். உள்ளே வாங்கும் வேலை பெரும்பாலும் ஒழுங்காகத்தான் நடக்கிறது. ஆனால் வாங்கின அமினோ அமிலத்தில் குடலும் கல்லீரலும் தங்களுக்கென்று முதலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. இளவயதுக்காரரைவிட வயதானவரிடம் அந்தப் பங்கு கொஞ்சம் பெரிசு. மிச்சம்தான் கை கால் தசைக்குப் போகிறது. தசையும் முன்னைப்போல சுறுசுறுப்பாக அதை வாங்கிக்கொள்வதில்லை. ஆகையால் வயதானவர்கள் ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் தாராளமாகவே பருப்பு, முட்டை, மீன் என்று போட்டுக்கொள்ள வேண்டும், கை காலை ஆட்டி நடக்கவும் வேண்டும்.

சார் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அந்தப் பழைய பெரிய குரலில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப குடல் தேயலப்பா சேகர், பிரமோஷன் வாங்கி மானேஜர் ஆயிருக்கு. தன் பங்கை எடுத்து வெச்சுக்கிட்டு மிச்சத்தைத்தான் ஃபீல்டுக்கு அனுப்புது."

அத்தனை வருஷம் ஊர் ஊராகச் சுமந்து அந்த டானிக்கை விற்றதில் என்னால் உடம்பு தேறியவர்கள் இரண்டே பேர், இரண்டு பேருமே அதை நிறுத்திய பிறகுதான் தேறினார்கள்.